திரைக்குப் பின்னால் கொஞ்சம் இடம்

(பொன்விழாக் கலைமாலையில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்கின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பெரியவர்கள் நிறைவாகப் பேசிவிட்டார்கள். கோயில் கட்டிய கதை, கொடிமரம் வந்த கதை, மணி இறக்கிய கதை எல்லாம் கேட்டோம். என்னிடம் விழாக் குழுவினர் கேட்டது வேறு. "ஃபாதர், உங்கள் பொம்மையைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நம் ஊரில் இதைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே ஒரு பேச்சு உண்டு என்பது எனக்குத் தெரியும். "சாமியாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இப்போதுதான் பொம்மை வைத்து விளையாடுகிறார்" என்று ஒரு பாட்டி கோயில் வாசலிலேயே சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல இன்று வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது இதே குமரி மாவட்டத்தில், கடலுக்குச் சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூர். 1980 வாக்கில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அறுவடை முடிந்த வயலில் தோல்பாவைக் கூத்துக்காரர்கள் வந்து கொட்டகை போடுவார்கள். சுற்றிலும் பழைய சாக்கும் ஓலையும், முன்னால் ஒரு வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு விளக்கு. பத்து நாள் இராமாயணம் நடக்கும். இடையிலே நல்லதங்காளும் வரும், அரிச்சந்திரனும் வருவான். கடைசி நாள் பட்டாபிஷேகம் நடந்தால் மழை பெய்யும் என்று ஊரில் நம்பிக்கை. எங்கள் வீட்டில் செபமாலை சொல்லி முடித்த கையோடு அம்மா எங்களை அனுப்பிவிடுவார்கள். இராமனும் சீதையும் வந்தபோது நாங்கள் பிள்ளைகள் தூங்கியிருப்போம். ஆனால் உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் வரும்போது எப்படித்தான் விழிப்பு வருமோ! அந்த இரண்டு கோமாளிகளுக்காகத்தான் பத்து நாளும் போவோம். ராஜா முன்னால் சொல்ல முடியாததை அவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பெரிய மனிதர் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள், அந்தப் பெரிய மனிதரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார்.

எனக்குத் தீராத ஆசை ஒன்றிருந்தது. திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அத்தனை குரல் வருகிறதே, அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு முறை சாக்கைத் தூக்கிப் பார்க்கப் போய் விரட்டப்பட்டேன். பிறகு வீட்டிலே நானே செய்து பார்த்தேன். பழைய கலியாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, கண்ணுக்கும் நகைக்கும் ஊசியால் துளையிட்டு, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஒட்டுகிற கலர்க் கண்ணாடித் தாளை ஒட்டி, ஈர்க்குச்சியில் கட்டி, அரிக்கேன் விளக்குக்கு முன்னால் ஆட்டுவேன். அப்படி ஒரு பெட்டி நிறையப் பொம்மை சேர்ந்தது.

1987 இல் சிறிய குருமடத்துக்குப் போனபோது அந்தப் பெட்டியும் என்னோடு வந்தது. சாமான்களைச் சோதித்த ஒரு பெரியவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "குருவாகப் போகிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த விடுமுறையில் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் அந்த நினைப்பே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மை அதுதான்.

நினைப்பு வந்திருக்க வேண்டிய இடங்கள் பல உண்டு. தத்துவம் படிக்கையில் பிளேட்டோவின் குகை உவமையைப் படித்தோம். 'குடியரசு' என்ற நூலின் ஏழாம் புத்தகத்தில் வருகிறது. குகையில் கட்டுண்டு கிடக்கிற மனிதர் சுவரில் விழும் நிழல்களையே நிஜம் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறதே, அது பொம்மலாட்டக்காரர் தங்கள் முன்னால் வைக்கும் தடுப்பைப் போன்றது என்று பிளேட்டோவே எழுதுகிறார். தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன். எங்கள் ஊர் வயல் என் ஞாபகத்துக்கு வரவேயில்லை. வள்ளுவரும் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் மரப்பாவையைச் சொல்கிறார். மனதில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளது போல மயக்குவதை ஒக்கும் என்கிறார். ஆக, பிளேட்டோவும் வள்ளுவரும் நம் கட்சியில் இல்லை! இரண்டு பேரும் பாவையை ஏமாற்று என்றே எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரியவர்களை மறுத்துப் பேச நான் யார்? ஆனாலும் ஒன்று சொல்வேன். தோல்பாவைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எங்களில் ஒரு பிள்ளைகூட அது நிஜம் என்று ஏமாந்ததில்லை. தோல் என்று தெரியும், விளக்கு என்று தெரியும். தெரிந்தேதான் நல்லதங்காளுக்காக அழுதோம்.

2019 இல் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். அப்போது எனக்கு 48 வயது. பேச்சுக்கும் பரிசளிப்புக்கும் நடுவிலே இருபது நிமிடம் தோல்பாவைக் கூத்து என்று அறிவித்தார்கள். மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, உளுவத்தலையன் குரல் கேட்டதும் என்ன ஆனதென்று தெரியவில்லை. மேடையைவிட்டு இறங்கிப் போய்த் திரைக்குப் பின்னால் நின்றேன். வெள்ளை அங்கி போட்டிருந்ததால் இந்த முறை யாரும் விரட்டவில்லை.

அங்கே அத்தனை குரலுக்கும் ஒரே ஆள் இருந்தார். எழுபது வயதுப் பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி ஆர்மோனியம் வாசித்தார், மகன் மிருதங்கம். அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே சட்டையில்லாமல், வியர்வை ஒழுக, ஒரு கையில் ராஜா, ஒரு கையில் கோமாளி, காலால் பலகையை மிதித்துத் தாளம். கூத்து முடிந்ததும் என்னைப் பார்த்து, "என்ன சாமி, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார். "இல்லை, படிக்க வந்தேன்" என்றேன். சிரித்தார். தன் மகனே இதைத் தொழிலாக எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான், சாமியார் படித்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்டார். பிறகு ஒன்று சொன்னார், அது எனக்கு மிகவும் பிடித்தது. "இலவசமாச் சொல்லித் தர மாட்டேன். எங்க பரம்பரைச் சொத்து இது."

அவர் சொன்னது நியாயம். அவர்கள் வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் இவர்கள் முன்னோர் தெற்கே வந்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போய், வயலில் கொட்டகை போட்டு, தமிழில் இராமாயணம் சொல்லிப் பிழைத்த குலம். இன்று நம் மாவட்டத்தில் இதைத் தொடர்ந்து நடத்தும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதம் இவ்வளவு என்று பேசி முடித்தேன். என் சொந்தக் காசுதான். நிதிக்குழுவினர் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து கோயில்கள் மூடப்பட்டன. தளர்வுகள் வந்தபிறகு பெரியவர் சைக்கிளில் அறைவீட்டுக்கு வரத் தொடங்கினார். அவருக்கும் ஆட்டம் இல்லை, எனக்கும் ஞாயிறு மக்கள் இல்லை. தோல் வேலையிலிருந்து ஆரம்பித்தார். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரை வழித்து, பலகையில் ஆணியடித்து விறைப்பாக இழுத்து உலர்த்தினால், வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசாகிவிடும். பிறகு உருவத்தை வரைந்து, சிறு உளிகளால் கொத்தித் துளையிட வேண்டும். முத்துமாலை வேண்டுமானால் முத்து முத்தாகத் துளை. வெளிச்சம் வருகிற இடம்தான் நகை! சாயம் பூசி, கையைத் தனியாக வெட்டி மூட்டில் நூலால் முடிச்சிட்டு, நடுவில் பிளந்த மூங்கிலைக் கொடுத்துக் கட்டினால் பாவை நிற்கும். சொல்வது சுலபம். என் முதல் பாவைக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதைப் பார்த்த சமையற்கார அம்மா, "இது ஆடா, ஆளா சாமி?" என்று கேட்டார்கள்.

ஆட்டுவது அதைவிடக் கடினம். திரையோடு ஒட்டிவைத்தால் உருவம் கூர்மையாகத் தெரியும். விளக்குப் பக்கம் இழுத்தால் பெரிதாகி மங்கும். பேசுகிற பாவை மட்டும் அசைய வேண்டும், கேட்கிற பாவை அசையக் கூடாது. எனக்கு வராமல் போனது இந்தக் கடைசிப் பாடம்தான். கேட்கிற பாவையையும் ஆட்டிக்கொண்டே இருப்பேன். பெரியவர் கையில் தட்டுவார். "சாமி, அவன் பேசுறான்ல, இவன் சும்மா கேக்கட்டும்." இருபது வருடத்துக்கு மேல் பிரசங்க மேடையில் நின்று பேசியே பழகியவனுக்கு இந்தக் கை அடங்க ஒரு வருடம் பிடித்தது.

வயதான காலத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்ட பாட்டிக்கு இரண்டு ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஜெர்மனியின் மகாகவி கோத்தே நான்கு வயதாக இருக்கும்போது, 1753 கிறிஸ்துமஸுக்கு அவருடைய பாட்டி ஒரு பொம்மலாட்ட மேடையைப் பரிசளித்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய 'ஃபௌஸ்ட்' கதையும் அவர் இளமையில் அறிந்த பொம்மலாட்டக் கதைதான். அதை எண்பது வயது தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்ததும் ஒரு பாட்டிதான் என்பதைக் கவனிக்கவும்! இன்னொருவர் நம்மவர். இந்தோனேசியாவில் சுரகார்த்தா நகரில் திமொத்தேயுஸ் என்ற துறவறச் சகோதரர், அந்நாட்டின் பழைய தோல்பாவைக் கலையான வயாங்கைக் கொண்டு வேதாகமக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். 1960 முதல் அது 'வயாங் வாஹ்யு' என்ற பெயரில் ஆடப்படுகிறது. வாஹ்யு என்றால் வெளிப்பாடு.

அவ்வளவு தூரம் போவானேன்? பெரிய வெள்ளிக்கிழமை நம் கடற்கரைக் கோயில்களில் சிலுவையிலிருந்து இறக்குகிற ஆண்டவருடைய சுரூபத்தின் தோளில் மூட்டு வைத்துச் செய்திருப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? ஆணியைக் கழற்றியதும் கை தானாகத் தாழும். அந்தக் கை தாழும்போது நம் தாய்மார் ஓவென்று அழுவதை நான் கேட்டிருக்கிறேன். மன்னார்த் தீவில் பேசாலையில் 'உடக்குப் பாஸ்' என்றே ஒன்றுண்டு. உடக்கு என்னும் உருவங்களை வைத்துத் திருப்பாடுகளை நடத்துவது. ஆகவே கோயிலுக்குள் பொம்மையை நான் கொண்டுவரவில்லை. அது முன்பே இருந்தது.

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் கனமானது. பொறுமையாகக் கேளுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் நடந்ததை இந்த ஊருக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் இங்கே மாற்றலாகி வந்தது அடுத்த ஆண்டு. வந்த நாள் முதல் மறைக்கல்வி வகுப்பில் ஒன்று கவனித்தேன். தகப்பனைக் கடலில் இழந்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள். கேட்காத எதையும் சொல்ல மாட்டார்கள். நானும் அருட்சகோதரிகளும் கூப்பிட்டு வைத்துப் பேசினோம். "ஒண்ணுமில்ல ஃபாதர்" என்பார்கள்.

2021 கடைசியில் வகுப்புகள் மீண்டும் கூடியபோது, சனிக்கிழமைகளில் பாவை ஆட்டத் தொடங்கினேன். முதலில் ஐந்து அப்பம் இரண்டு மீன். பிறகு ஊதாரிப் பிள்ளை. உளுவத்தலையனை நான் விடவில்லை. பெரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் வேதாகமத்துக்குள் கூட்டிவந்தேன். பன்றி மேய்க்கிற இடத்தில் அவன்தான் முதலாளி. கடல் கதை எதையும் நான் தொடவில்லை. வேண்டுமென்றேதான் தொடவில்லை. ஐந்தாறு வாரம் கழித்துப் பிள்ளைகளே கேட்டார்கள், "ஃபாதர், யோனா போடுங்க." அவர்கள் கேட்டபிறகு மறுப்பது சரியல்ல என்று பட்டது.

யோனா கதையில் கப்பலாட்கள் நல்லவர்கள். யோனாவைக் கடலில் போடச் சொல்லி அவனே கேட்டும், அவர்கள் உடனே போட்டுவிடவில்லை. கரைசேர முடிந்தமட்டும் துடுப்பு வலித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கப்பலில் உளுவத்தலையனை ஒரு துடுப்புக்காரனாக வைத்தேன். யோனாவை மீன் விழுங்கியது, கடல் அமர்ந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்போது ஒரு சிறுவன், பத்து வயதிருக்கும், எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து உளுவத்தலையனைப் பார்த்துக் கேட்டான்.

"கப்பல்ல இருந்த நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போனீங்களா?"

வேதாகமத்தில் அது சொல்லப்படவில்லை. கடல் அமர்ந்தது, அவர்கள் பலி செலுத்தினார்கள், அவ்வளவுதான். உளுவத்தலையன் சொன்னான், "எழுதி வைக்கலையே மக்கா. நீ என்ன நினைக்கே?"

"லைட்டு தெரிஞ்சா போயிருப்பீங்க" என்றான். கொஞ்சம் பேசாமல் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். தகப்பனார் திரும்பாத அந்த நாட்களில் அம்மா வாசல் விளக்கை இரவெல்லாம் அணைக்க விடவில்லையாம். ஒருநாள் இரவு வெளிச்சத்தில் தூக்கம் வராமல் இவன் எழுந்து போய் அணைத்துவிட்டானாம். விடியற்காலையில் அம்மா எழுவதற்கு முன் மறுபடியும் போட்டுவிட்டானாம். "அன்னைக்குத்தான் வந்திருப்பாங்க. லைட்டு இல்லாததால வேற எங்கயோ போயிட்டாங்க."

ஆறு வயதில் செய்ததை நான்கு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். என் கை நடுங்கியது. திரையில் உளுவத்தலையன் நடுங்கினான். அலைக்குப் பயந்து நடுங்குகிறான் என்று நினைத்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் முன்னால் நின்றிருந்தால் அந்தச் சமயத்தில் ஆண்டவருடைய சித்தத்தைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கியிருப்பேன். உளுவத்தலையனுக்கு இறையியல் தெரியாது. அவன் துடுப்புக்காரன். துடுப்புக்காரனுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"மக்கா, நாங்க கெடக்குறது ஆழக்கடல். அங்கயிருந்து ஊரே தெரியாது, மலையே தெரியாது. ஒங்க வீட்டு லைட்ட நீ போட்டாலும் தெரியாது, அணைச்சாலும் தெரியாது. கரைக்குக் கிட்ட வந்தப்பறந்தான் தெரியும். கிட்ட வந்தவன் லைட்டு இல்லைன்னாலும் வந்திருவான், அது அவன் ஊரு."

"நெசமாவா?"

"கடல்ல போற யாருகிட்ட வேணும்னாலும் கேளு."

அவன் கேட்டிருக்கிறான். அன்று சாயங்காலமே கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மூன்று பேரிடம் போய், எத்தனை மைலில் வீட்டு விளக்கு தெரியும் என்று கேட்டிருக்கிறான். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். எதற்காகக் கேட்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்று இதைக் கேட்கும்போது புரிந்துகொள்வார்கள்.

எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் தேட வேண்டாம். தாயிடமும் மகனிடமும் கேட்ட பிறகே பேசுகிறேன். முதலில் நான் தயங்கினேன். தாய்தான், "சொல்லுங்க ஃபாதர், இன்னும் எந்த வீட்டுல எந்தப் பிள்ளை எதை நெனச்சுக்கிட்டுக் கெடக்கோ" என்றார்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நடுவே சல்லடைத் தட்டி வைத்திருப்பதன் பயன் எனக்குக் குருமடத்தில் சொல்லித் தரப்பட்டது. அது தேவதிரவிய அனுமானம், அதை நான் பொம்மையோடு ஒப்பிடத் துணியமாட்டேன். ஆனால் முகம் தெரியாத இடத்தில் மனிதர் பேசுவது எளிது என்ற அந்த அறிவு மட்டும் இரண்டிலும் ஒன்றே. நம் பிள்ளைகளுக்குத் திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று நன்றாகத் தெரியும். என் இருமல்கூட அவர்களுக்குப் பழக்கம். தெரிந்தேதான் உளுவத்தலையனிடம் பேசுகிறார்கள். அன்று முதல் இன்றுவரை பிள்ளைகள் அவனிடம் சொன்ன எதையும் நான் அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. அருட்சகோதரி ஒருவர் முறைப்படி ஆற்றுப்படுத்தல் பயின்றவர். தேவையென்று படுகிற பிள்ளையை அவரிடம் அனுப்புகிறேன். பொம்மை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இப்போது சில வேலைகள் பற்றி. நம் பெரியவர் பொன்விழா வாரத்தில் மூன்று இரவு இங்கே ஆடுகிறார். முதல் இரவு நல்லதங்காள், அடுத்த இரண்டும் இராமாயணம். கோயில் வளாகத்தில் இராமாயணமா என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார், கேட்டது தவறல்ல. பள்ளி மைதானத்தில் நடக்கிறது. அவர் கதையை அவர் சொல்லட்டும், நாம் விருந்தினரைப்போல் உட்கார்ந்து கேட்போம். பேசிய தொகை முன்பணமாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேல் தட்டு ஏந்த மாட்டார்கள், நீங்களாகப் போய்க் கொடுத்தால் மறுக்கவும் மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறைக்கல்விக் கூடத்தில் தோல் வேலை கற்றுத் தரப்படும். இப்போது ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் இரண்டு பெண்பிள்ளைகள் என்னைவிட நன்றாக உளி பிடிக்கிறார்கள். பெரியவர்களும் வரலாம், அந்தப் பாட்டியையும் அழைக்கிறேன். நம்மிடம் தோல் தீர்ந்துவிட்டது. பொன்விழா அசனத்துக்கு ஆடு அறுக்கிறவர்கள் தோலைக் கிழியாமல் உரித்து, உப்புப் போடாமல், அன்றைக்கே அறைவீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்லது. வெள்ளாட்டுத் தோல்தான் வேண்டும். செம்மறி உதவாது.